விசுவாசமா, கிரியையா, அன்பா? பவுலும் யாக்கோபும் எங்கே சந்திக்கிறார்கள்

புதிய ஏற்பாட்டு நிருபங்களை எழுதிய பவுல், யாக்கோபு இருவரையும் பற்றிய கேள்வி இதுதான்: "மனிதன் கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார் பவுல். விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும்தான் என்கிறார் யாக்கோபு. போதாக்குறைக்கு அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, விசுவாசத்தைவிட அன்பே பெரியது என்கிறார். இந்த மூன்றில் எதுதான் ஒருவனை இரட்சிக்கிறது? வேதாகமம் தனக்குத்தானே முரண்படுகிறதா?"

நீதிமானாக்கப்படுதல் என்றால் தேவன் ஒருவனை நீதிமானாக ஏற்றுக்கொள்வது; கிரியை என்றால் செய்கை. நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றில் எதுவும் தன் சொந்த பலத்தால் யாரையும் இரட்சிப்பதில்லை. இரட்சிப்பவர் தேவன். எபேசியர் 2:8-10 வசனங்களை ஒன்றாக வாசித்தால் வரிசை புரியும். கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள். அது தேவனுடைய ஈவு. ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு அது கிரியைகளினால் உண்டானதல்ல. இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். பத்தாம் வசனமோ, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று தொடர்கிறது. கிருபை தருகிறது; பசித்தவன் நீட்டும் வெறுங்கையைப்போல விசுவாசம் அதைப் பெற்றுக்கொள்கிறது; பெற்றுக்கொண்டவனின் வாழ்க்கையில் கிரியை தொடங்குகிறது. அன்பு எங்கே வருகிறது? முதலிலும் வருகிறது, கடைசியிலும் வருகிறது. "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்" (1 யோவான் 4:19).

இந்த அளவில் முடித்துக்கொண்டால் தேர்வுக்குப் படிக்கும் குறிப்பாகத்தான் இது நிற்கும். பவுலும் யாக்கோபும் உட்கார்ந்து தத்துவம் எழுதியவர்கள் அல்ல. இருவருமே சபைக்குள் கண்ணெதிரே நடந்த அநியாயம் ஒன்றைப் பார்த்துக் கொதித்து எழுதியவர்கள். அந்த அநியாயங்கள் என்னவென்று தெரிந்துகொண்டால்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்ல என்பது விளங்கும்.

முதலில் அந்தியோகியா. சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதல்முதல் வழங்கியது அந்த ஊரில்தான். யூதரும் யூதரல்லாதவரும் அங்கே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியம் அல்ல. பேதுருவும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு எருசலேமிலிருந்து, யாக்கோபினிடத்திலிருந்து, சிலர் வந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்த பேதுரு பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள். பவுலின் உடன் ஊழியரான பர்னபாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். பவுல் பொறுக்கவில்லை, எல்லாருக்கும் முன்பாக, முகமுகமாய்ப் பேதுருவை எதிர்த்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இந்தச் சம்பவத்தைச் சொல்லிக்கொண்டு வரும்போதே, அதே வேகத்தில், 16-ஆம் வசனத்தை எழுதுகிறார்: நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசே கொடுத்த சட்டத்தின், கிரியைகளினாலே எந்த மனிதனும் நீதிமானாக்கப்படுவதில்லை.

அதாவது, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்ற உபதேசத்தைப் பவுல் எடுத்து வைப்பது ஒரு பந்தித் தகராறின் நடுவே. விருத்தசேதனம் செய்துகொள்ளாதவன், உணவு விதிகளைக் கைக்கொள்ளாதவன், தேவனுடைய பந்தியில் இரண்டாந்தர விருந்தாளியா? இதுதான் அங்கிருந்த கேள்வி. கிறிஸ்து அவனை ஏற்றுக்கொண்டபின் அவனோடு உட்கார மறுக்க நீ யார் என்பதுதான் பவுலின் பதில். ஆகவே பவுலின் "கிரியைகளினால் அல்ல" என்ற வார்த்தையைப் பசித்தவனுக்குச் சோறு போடுவதற்கு எதிராக யாராவது நீட்டினால், அவர் பவுலை வாசிக்கவே இல்லை என்பேன்.

புதிய ஏற்பாட்டு அறிஞர் இ. பி. சாண்டர்ஸ் 1977-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்று பவுல் சொல்வது பெரும்பாலும் விருத்தசேதனம், உணவு, ஓய்வுநாள் போன்ற யூத அடையாளங்களையே என்று அறிஞர்கள் பலர் வாதிட்டு வருகிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ரோமர் 4:4-ல் கூலியையும் கடனையும் பற்றிப் பவுல் பேசுகிறார். வேலை செய்தவனுக்கு வருவது கூலி, அது கிருபையாகாது. இங்கே பேச்சு யூத அடையாளங்களைத் தாண்டி, தேவனிடம் கணக்கு நீட்டும் மனித சுபாவத்தையே தொடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. தேவனிடம் கணக்கு நீட்டுகிறவனும் பக்கத்தில் இருப்பவனை ஒதுக்குகிறவனும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

இனி யாக்கோபு. அவருடைய இரண்டாம் அதிகாரம் "கிரியையில்லாத விசுவாசம் செத்தது" என்று தொடங்குவதில்லை. ஒரு ஜெப ஆலயத்துக்குள் இரண்டு பேர் நுழைவதோடு தொடங்குகிறது. ஒருவன் விரலில் பொன்மோதிரம், உடம்பில் மினுக்குள்ள வஸ்திரம். மற்றவன் அழுக்கு உடுத்திய ஏழை. மோதிரக்காரனைப் பார்த்து, ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும் என்கிறார்கள். ஏழையிடமோ, நீ அங்கே நில்லு, அல்லது என் பாதபடியண்டையிலே உட்காரு என்கிறார்கள். 'உட்காரும்', 'உட்காரு' என்ற இரண்டு மரியாதைகளிலேயே சங்கதி முழுவதும் தெரிந்துவிடுகிறது. அதன்பின் வஸ்திரமும் அன்றாட ஆகாரமும் இல்லாத ஒரு சகோதரன் வருகிறான். "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் வாழ்த்தி, கையை மூடிக்கொண்டு அவனை அனுப்பிவிடுகிறார்கள். இதையெல்லாம் சொன்ன பிறகுதான் யாக்கோபு கேட்கிறார்: தேவன் ஒருவர் உண்டென்று விசுவாசிக்கிறாயா, நல்லது, பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன.

பிசாசுகளுக்கு இருக்கும் விசுவாசம் என்ன? தேவனைப் பற்றிய சரியான தகவல். அதில் நம்பிச் சார்ந்திருப்பதும் இல்லை, அன்பும் இல்லை. யாக்கோபு அடிப்பது இந்தத் தகவல் விசுவாசத்தை. பவுலின் அகராதியில் இதற்கு விசுவாசம் என்ற பெயரே கிடையாது. பவுல் எதை விசுவாசம் என்கிறார் என்பதற்குக் கலாத்தியர் 5:6 போதும்: "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்." நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன.

இரண்டு சண்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தியோகியாவில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது பிரச்சினை. யாக்கோபின் சபையில் யாருக்கு எந்த இருக்கை என்பது பிரச்சினை. ஒரு இடத்தில் பக்தியின் பெயரால் ஒதுக்கினார்கள். இன்னொரு இடத்தில் பணத்தைப் பார்த்து ஒதுக்கினார்கள். இரண்டு நிருபங்களும் எந்த வசனத்தின் மேல் போய் நிற்கின்றன தெரியுமா? கலாத்தியர் 5:14, யாக்கோபு 2:8, இரண்டும் லேவியராகமம் 19:18-ஐ எடுத்துக் காட்டுகின்றன: "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக." பவுல் அதில் நியாயப்பிரமாணம் முழுவதும் நிறைவேறும் என்கிறார். யாக்கோபு அதை ராஜரிக பிரமாணம் என்கிறார். இவர்களை முரண்பட்டவர்கள் என்று சொல்வதற்கு முன் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஆபிரகாம் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இருவரும் அவரையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவுல் ஆதியாகமம் 15-ஐக் காட்டுகிறார். ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. இது நடந்தது இஸ்மவேல் பிறப்பதற்கும் முன்னால். விருத்தசேதனம் நடந்ததோ இஸ்மவேலுக்குப் பதின்மூன்று வயதானபோது. ஆக, எந்தச் சடங்கும் வருவதற்கு வெகுகாலம் முன்பே தேவன் அவரை ஏற்றுக்கொண்டார் என்பது பவுலின் வாதம். யாக்கோபு ஆதியாகமம் 22-ஐக் காட்டிவிட்டு, அதே வசனத்தையும் மேற்கோள் காட்டுகிறார். ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த அந்த நாளில், முன்பு எண்ணப்பட்டது வெறும் பேச்சல்ல என்பது வெளிப்பட்டது. "கிரியைகளினாலே விசுவாசம் பூரணப்பட்டது". ஒருவர் தொடக்கத்தைப் பேசுகிறார், மற்றவர் பல ஆண்டுகளுக்குப் பிந்தைய விளைவைப் பேசுகிறார்.

இதே காரியத்தைச் சுவிசேஷத்தில் பார்க்க விரும்பினால் லூக்கா 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் எனக்கு அதைவிடப் பிரியமான பகுதி வேறு இல்லை. அங்கேயும் ஒரு பந்திதான். சீமோன் என்ற பரிசேயன் வீட்டில் விருந்து. ஊரில் பாவியென்று பேரெடுத்த ஒரு ஸ்திரீ பரிமளதைலத்தோடு உள்ளே வந்து, இயேசுவின் பாதத்தருகில் நின்று அழுகிறாள். கண்ணீரால் பாதங்களை நனைத்து, தலைமயிரால் துடைத்து, முத்தமிட்டு, தைலம் பூசுகிறாள். சீமோன் மனதுக்குள் முகம் சுளிக்கிறான். இயேசு ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறார். ஒருவன் ஐந்நூறு வெள்ளிக்காசு கடன், ஒருவன் ஐம்பது. இரண்டு பேருக்கும் திருப்பிக் கொடுக்க வழியில்லை. இரண்டு பேருக்கும் கடன் மன்னிக்கப்பட்டது. யார் அதிகமாய் அன்புகூருவான்? பிறகு சீமோனிடம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார்: என் கால்களுக்கு நீ தண்ணீர் தரவில்லை, என்னை முத்தஞ்செய்யவில்லை, என் தலையில் எண்ணெய் பூசவில்லை. அவளோ இத்தனையும் செய்தாள்.

அவள் செய்தது கிரியை. அந்தக் கிரியை முழுவதும் அன்பு. இயேசுவோ அவளை அனுப்பும்போது, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது, சமாதானத்தோடே போ என்கிறார். இந்தக் காட்சியில் இது விசுவாசம், இது கிரியை, இது அன்பு என்று எவராலும் கத்தி வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் வரிசை மட்டும் கலங்குவதில்லை. கடன் மன்னிக்கப்பட்டதால் அன்பு. அன்பினால் மன்னிப்பை விலைக்கு வாங்கவில்லை. எவனுக்குக் கொஞ்சம் மன்னிக்கப்படுகிறதோ அவன் கொஞ்சமாய் அன்புகூருவான் என்ற வார்த்தை சீமோனைத்தான் குத்துகிறது. தனக்கும் ஐம்பது காசு கடன் இருந்தது என்பதே அவனுக்கு உறைக்கவில்லை.

அப்படியானால் மேற்கத்திய திருச்சபை ஏன் இதற்காக உடைந்தது? புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1505-ல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்து, எவ்வளவு தவம் செய்தாலும் போதுமா என்ற பயத்திலேயே வருடங்களைக் கழித்தவர். 1517-ல் பாவத்தண்டனையைக் குறைக்கும் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டபோது அவர் எதிர்த்துக் கிளம்பியதன் பின்னால் இந்தப் பயத்தின் அனுபவம் இருந்தது. 'விசுவாசம் மாத்திரம்' என்று அவர் அழுத்தியதைச் சோம்பேறித்தனத்துக்கு உரிமம் கொடுத்ததாக நினைப்பது பெரிய தவறு. 1520-ல் அவர் எழுதிய கிறிஸ்தவ சுதந்திரம் பற்றிய சிறு நூல், கிறிஸ்தவன் எவருக்கும் கீழ்ப்பட்டவன் அல்ல, அதேசமயம் எல்லாருக்கும் ஊழியன் என்ற இரண்டு வாக்கியங்களின்மேல் கட்டப்பட்டது. அவருடைய போதனையின் சாரம் இது: தேவனுக்கு என் கிரியைகள் தேவையில்லை, என் அயலானுக்குத் தேவை. பரலோகத்தில் இடம் பிடிப்பதற்காகக் கொடுத்த சோறு, உண்மையில் எனக்காக நான் கொடுத்தது. அந்தக் கவலை நீங்கினால்தான் பசித்தவன் முகத்தை முகமாகப் பார்க்க முடியும்.

கத்தோலிக்க தரப்பின் கவலை வேறு. 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், அன்பே விசுவாசத்துக்கு உயிரான வடிவத்தைக் கொடுக்கிறது என்று போதித்தார்; அன்பில்லாத விசுவாசம் உருப்பெறாத விசுவாசம். 1 கொரிந்தியர் 13:2-ஐ வைத்துப் பார்த்தால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது: மலைகளைப் பேர்க்கத்தக்க விசுவாசம் இருந்தாலும் அன்பில்லாவிட்டால் நான் ஒன்றுமில்லை. லூத்தர் இதை ஏற்கவில்லை. விசுவாசத்துக்கு உயிர் கொடுப்பது நம்முடைய அன்பு அல்ல, விசுவாசம் பற்றிக்கொள்ளும் கிறிஸ்துவே என்றார். இல்லாவிட்டால் இரவில் படுக்கையில் கிடப்பவனின் மனசாட்சி, நான் போதுமான அளவு அன்புகூர்ந்தேனா என்று திரும்பவும் அளக்கத் தொடங்கிவிடும். எனக்கு இரு தரப்பின் பயமும் நியாயமாகவே படுகிறது. ஒருவர் செத்த விசுவாசத்துக்குப் பயந்தார்; மற்றவர் நொறுங்கிய மனசாட்சிக்காகப் பயந்தார்.

சீர்திருத்தத்துக்குப் பதிலாகக் கத்தோலிக்க திருச்சபை கூட்டிய திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட தீர்மானத்தைப் புராட்டஸ்டண்டுகளில் வாசித்தவர்கள் குறைவு. அதன் முதல் கண்டனமே, கிறிஸ்துவின் மூலம் வரும் கிருபையில்லாமல் தன் கிரியைகளினால் மனிதன் நீதிமானாகலாம் என்று சொல்கிறவனுக்கு எதிரானது. கிரியையால் இரட்சிப்பு என்று கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள் எனச் சுவரொட்டி வாசகம்போலச் சொல்லித் திரிவது நேர்மையல்ல. ஏறக்குறைய நாலரை நூற்றாண்டுக்குப் பின், 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்லாமல், கிருபையினால் மாத்திரமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைத்த விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார். நம் இருதயங்களைப் புதுப்பிக்கும் ஆவியானவரையும் நாம் பெறுகிறோம். அவர் நம்மை நற்கிரியைகளுக்குத் தகுதிப்படுத்தி அழைக்கிறார். இதை இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். 2006-ல் மெதடிஸ்டுகளும் 2017-ல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. 2008 நவம்பரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், அன்புக்கு எதிராக நிறுத்தப்படாத வரை லூத்தரின் 'விசுவாசம் மாத்திரம்' என்ற வார்த்தை உண்மையே என்றார். கருத்து வேறுபாடுகள் தீர்ந்துவிட்டனவா என்றால், இல்லை. நற்கிரியைகளுக்குப் பலன், இரட்சிப்பின் நிச்சயம், விசுவாசியிடம் மிஞ்சியிருக்கும் பாவம் ஆகியவை பற்றிய பேச்சு இன்னும் தொடர்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது தூரத்து வரலாறு அல்ல. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரத்து பக்தி இயக்கத்தின் பிள்ளை. அந்த இயக்கத்தின் தலைவர் பிராங்கே, 1695-ல் காணிக்கைப் பெட்டியில் கிடைத்த நான்கு தாலரையும் பதினாறு குரோஷனையும் வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். அனாதை இல்லம் அதைத் தொடர்ந்து வந்தது. விசுவாசம் கைகால் முளைத்து நடக்க வேண்டும் என்பதே அவர்களுடைய பிடிவாதம். அந்த விதையிலிருந்து வந்த சபைகளிலும் அந்தியோகியாவின் வியாதி புகுந்துகொண்டது. ஆலயத்தில் சாதிவாரியாக இருக்கை, திருவிருந்தில் யார் முதலில் என்ற தகராறு. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு சபையில் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. இன்றும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே விசுவாச அறிக்கை ஞாயிறுதோறும் பிழையில்லாமல் ஒப்பிக்கப்படுகிறது. தானதர்மமும் குறைவில்லை. பேதுரு எழுந்துபோன அந்த இடம் மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது. விசுவாசமும் கிரியையும் இருந்தும் அன்பில்லாமல் போக முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

பவுலும் இதைத்தானே சொன்னார்? எனக்கு உண்டான யாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும், அன்பில்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை. கிரியையும் செத்ததாக இருக்கலாம். மத்தேயுவில் இரண்டு கூட்டத்தார் வருகிறார்கள். ஏழாம் அதிகாரத்தில் வருகிறவர்கள் கையில் பட்டியல் இருக்கிறது: உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம். அவர்களை நான் அறியேன் என்கிறார் இயேசு. இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வலதுபக்கம் நிற்கிறவர்களிடம் பட்டியலே இல்லை. நான் பசியாயிருந்தேன், போஜனங்கொடுத்தீர்கள் என்று ராஜா சொல்லும்போது, எப்பொழுது ஆண்டவரே என்று திகைக்கிறார்கள். அவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அன்பு கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

கிரியை செய்ய நேரமே கிடைக்காதவன் கதி என்ன என்று பலர் கேட்பார்கள். சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கியவனை உதாரணம் காட்டுவார்கள். அவன் ஞானஸ்நானம் பெறவில்லை, தர்மம் செய்யவில்லை. அன்றே பரதீசு வாக்களிக்கப்பட்டது. சரிதான், ஏற்றுக்கொள்ளப்பட அவனுடைய கிரியை தேவைப்படவில்லை. ஆனால் லூக்கா 23-ஐ நிதானமாக வாசித்தால், அவன் சும்மா இருக்கவில்லை என்பதும் தெரியும். நிந்தித்தவனைக் கடிந்துகொண்டான், தன் தண்டனை நியாயமானது என்று ஒப்புக்கொண்டான், எல்லாரும் பரியாசம் பண்ணிய ஒருவருக்காக, இவர் தகாததொன்றையும் நடப்பிக்கவில்லை என்று வாய் திறந்து பேசினான். அவனால் முடிந்தது அவ்வளவுதான், அதைச் செய்தான்.

இந்தக் கேள்வியைச் சிலர் வாதத்துக்காகக் கேட்பதில்லை; என் வாழ்க்கையில் கிரியை போதவில்லையே, என் விசுவாசம் பொய்யோ என்ற பயத்தில் கேட்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தைத் தூக்கி வீசக்கூடாது. அது வசதியாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு எழுதப்பட்டது. பயந்து கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது 1 யோவான் 3:18-20. வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூரக்கடவோம் என்று யோவான் கண்டிப்பாகத் தொடங்குகிறார். அதை வாசித்ததும் மனம் குற்றஞ்சாட்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அடுத்த மூச்சிலேயே, நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர், சகலத்தையும் அறிந்திருக்கிறார் என்று தேற்றுகிறார்.